ஓடிபியை யாரிடம் சொன்னாய் என்று கேட்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் பதினொரு வருடமாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். இரண்டு கணினி, ஒரு ஜெராக்ஸ் மெஷின், பாஸ்போர்ட் போட்டோவுக்கு வெள்ளைத் துணி கட்டிய ஒரு சுவர், அவ்வளவுதான் கடை. மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் உள்ளே நிற்க இடமிருக்காது. 61 நாள் கடலுக்குப் போகாத வீட்டுக்கு அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்துக்கு ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நகல் என்று அலைவார்கள். வள்ளக்காரர், பாசி எடுக்கப் போகிற பெண்கள், வலை பின்னுகிறவர்கள், எல்லோருடைய காகிதமும் என் கணினி வழியாகத்தான் போகும்.

"ஓடிபி சொல்லி ஏமாந்தார்" என்று வாரத்துக்கு ஒரு செய்தியாவது பத்திரிகையில் படிக்கிறோம். படித்துவிட்டு, இன்னுமா இப்படி ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பியவள்தான் நானும். போன தடைக்காலத்தில் என் கடையிலேயே அது நடந்தது. அதில் யாரும் யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் ஊரில் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஓர் அண்ணன் இருக்கிறார். அறுபது வயது தாண்டியவர். பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். உப்புக்காரருக்கும் வேன்காரருக்கும் பணம் அனுப்ப வேண்டுமென்றால் என் கடைக்கு வருவார். வங்கிப் பக்கத்தை நான் திறந்து கொடுப்பேன். பாஸ்வேர்டை அவரே ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுவார். அந்த நேரம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஓடிபி வந்ததும் போனைக் கை எட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்து, ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துப் படித்துத் தட்டுவார். பல வருடமாக இதுதான் வழக்கம்.

அன்றைக்கு அவர் பாஸ்வேர்டைத் தட்டி வங்கிக் கணக்குக்குள் நுழைந்ததும் திரை முழுக்க வங்கியின் சின்னத்தோடு ஓர் அறிவிப்பு வந்தது. பாதுகாப்புச் சோதனை நடக்கிறது, காத்திருங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பிறகு ஓடிபி கேட்டது. அண்ணன் தட்டினார். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கேட்டது. போனில் புதிதாக ஒரு எண் வந்திருந்தது. அதையும் தட்டினார். அப்புறம் பக்கம் சரியாகிவிட்டது. வேன்காரருக்குப் பணம் அனுப்பிவிட்டு, எனக்குச் சேர வேண்டிய இருபது ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பேரன் போனைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, முன்பின் தெரியாத ஒரு கணக்குக்கு 48,000 ரூபாய் போயிருக்கிறது என்று.

அன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தோம். வங்கிக்கும் போய் எழுதிக் கொடுத்தோம். ஓடிபி சரியாகப் போடப்பட்டிருக்கிறது, நீங்கள்தான் யாருக்கோ சொல்லியிருக்கிறீர்கள் என்றார்கள். அண்ணன் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: "நான் ஒரு மனுசன்ட்டயும் சொல்லலைங்க. கம்ப்யூட்டர் கேட்டுச்சு, குடுத்தேன்." அதை யாரும் காதில் வாங்கவில்லை. வெளியே வந்ததும் நானும் கேட்டேன்: "அண்ணே, நெசமாவே யாருட்டயும் சொல்லலையா? நல்லா யோசிச்சுப் பாருங்க." அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது.

பன்னிரண்டு நாள் கழித்து, மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம். ஜெராக்ஸ் மெஷினில் தாள் வைத்துவிட்டுத் திரும்பினால் திரையில் மவுஸ் அம்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. மேசை ஆடியிருக்கும், இல்லையென்றால் மவுஸுக்கு அடியில் தூசி இருக்கும் என்று நினைத்தேன். மவுஸைக் கையில் தூக்கிவிட்டேன். மேசையில் எதுவும் படவில்லை. அப்போதும் அம்பு நிற்கவில்லை. யாரோ நிதானமாக ஓட்டுவதுபோல நேராகப் போய், ஸ்கேன் செய்த ஆதார்களை நான் போட்டு வைத்திருந்த ஃபோல்டரின் மேல் நின்று, அதைத் திறந்தது. என் கடையில், என் கண் முன்னால். கை நடுங்க இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கினேன். அம்பு அந்த இடத்திலேயே நின்றது.

ராமநாதபுரத்திலிருந்து சர்வீஸுக்கு வரும் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் முதலில் கேட்டது: "அக்கா, சமீபத்துல கிராக் ஏதும் போட்டீங்களா?" கிராக் என்றால் காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த மென்பொருள். போட்டிருந்தேன். பாஸ்போர்ட் போட்டோவில் பின்னணியை மாற்றும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க முடியாமல், யூடியூப் வீடியோவின் கீழே இருந்த ஒரு லிங்கிலிருந்து இறக்கியிருந்தேன். ஜிப் ஃபைலாக வந்தது, திறக்க ஒரு பாஸ்வேர்டும் கொடுத்திருந்தார்கள். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும் என்று கூடவே ஒரு குறிப்பு. நானே என் கையால் நிறுத்தினேன். போட்டோ மென்பொருள் நன்றாகவே வேலை செய்தது. கிரேக்கக் கதையில் பரிசாக வந்த மரக்குதிரைக்குள் ஒளிந்து ட்ராய் நகருக்குள் ஆட்கள் புகுந்தது போல, இப்படி ஒளிந்து வரும் திருட்டு மென்பொருளுக்கு ட்ரோஜன் என்று பெயர் வந்ததே அதனால்தான் என்றான் தம்பி. கேட்ட பொருளைக் குறையில்லாமல் கொடுத்துவிடும். அதற்குள் ஒளிந்து ஓர் ஆளும் வந்துவிடுவான். பாஸ்வேர்ட் போட்ட ஜிப்பைப் பூட்டைத் திறக்காமல் ஆன்டிவைரஸால் துழாவ முடியாது. பாஸ்வேர்ட் கொடுத்து அனுப்பியதே அதற்காகத்தான்.

இந்த வகைக்கு ரிமோட் ஆக்சஸ் ட்ரோஜன் என்று பெயர், சுருக்கமாக ராட். எங்கோ இருக்கும் ஒருவன் என் கணினியைத் தேடி வந்து உடைத்து நுழைகிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நடப்பது அதற்குத் தலைகீழ். என் கணினிதான் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கணினியை ஆன் செய்ததும் அந்த ராட் தானாக எழுந்து, அவனுடைய கணினிக்கு நான் வந்துவிட்டேன் என்று தகவல் அனுப்பிவிட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும். மோடத்தில் இருக்கும் தடுப்பு வெளியிலிருந்து வருகிறவனைத்தான் மறிக்கும். உள்ளேயிருந்து வெளியே போவதை மறித்தால் ஒரு வலைப்பக்கம்கூடத் திறக்காது. நம் கடலில் அந்நியப் படகு வந்தால் நிறுத்திச் சோதிப்பார்கள். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு தொழிலுக்குப் போகும் நம்மூர்ப் படகை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அப்படித்தான் இதுவும்.

தம்பி எனக்கு இரண்டு விஷயம் காட்டினான். எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெயர் விண்டோஸின் சொந்தப் பெயர்தான், எல்லாக் கணினியிலும் இருக்கும். ஆனால் அசல், விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32-க்குள் இருக்க வேண்டும். இது ஆப்டேட்டா என்ற வேறொரு ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தது. அடுத்ததாக, கறுப்புத் திரையில் நெட்ஸ்டாட் என்று தட்டினான். கேபிளை ஒரு நிமிடம் மாட்டியதும், கணினி யாரோடெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறது என்ற வரிசையில், ஒரு வெளி முகவரி மட்டும் எந்தப் பக்கமும் திறக்காத நேரத்திலும் இணைப்பிலேயே நின்றது. அதை என் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

உள்ளே வந்தவனால் என்னென்ன முடியும் என்று கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. திரையில் நான் பார்ப்பதை அவனும் பார்க்கலாம். தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் அவனிடம் சேரும், அண்ணன் ஒற்றை விரலால் தட்டிய பாஸ்வேர்ட் உட்பட. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது யாருக்காக? ஃபைல்களை எடுக்கலாம், புதிதாக வைக்கலாம். கேமராவையும் மைக்கையும் திறக்கலாம். போட்டோ எடுக்க எத்தனையோ பெண் பிள்ளைகள் வந்து தலை சீவிக்கொள்ளும் இடம் என் கடை. அந்தக் கேமராவை இப்போது கழற்றியே வைத்துவிட்டேன்.

அன்றைக்கு வங்கியின் சின்னத்தோடு வந்த அறிவிப்பு என்னவென்றும் அப்போதுதான் புரிந்தது. அது நம் கண்ணுக்குப் போட்ட திரை. அதற்குப் பின்னால், அண்ணன் திறந்து வைத்த அதே வங்கிப் பக்கத்தில், புதிய கணக்கு ஒன்றைச் சேர்க்க ஒரு ஓடிபி, பணம் அனுப்ப இன்னொரு ஓடிபி. இரண்டையும் அந்தப் போலித் திரையே கேட்டு வாங்கிக்கொண்டது. போனுக்கு வந்த செய்தியில் எதற்கான ஓடிபி என்று எழுதியிருந்தது உண்மைதான், ஆனால் ஆங்கிலத்தில். அண்ணனுக்கு அதில் தெரிந்தது ஆறு எண் மட்டும்தான்.

இதெல்லாம் தெரிந்த பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. "ஃபார்மட் அடிச்சா சுத்தமாயிரும்க்கா" என்றான் தம்பி. அடித்துவிடச் சொன்னேன். தடைக்காலக் கூட்டம் வாசலில் நின்றது. அவர்களுடைய காகிதம் இன்னும் ஒரு மணி நேரம்கூட அந்தத் திருடன் கையில் இருக்கக் கூடாது என்ற பதற்றம் எனக்கு. ஒரு மணி நேரத்தில் எல்லாம் அழிந்து புது விண்டோஸ் வந்தது. அண்ணன் சொன்னது உண்மை என்று காட்ட இந்த உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அதை நானே அழித்துவிட்டேன். மறுபடி போய்ச் சொன்னபோது, கணினி எங்கே என்றார்கள். புதிதாக்கப்பட்ட கணினியை எப்படிக் காட்டுவது?

என்னைப் போல சென்டர், ஜெராக்ஸ் கடை, டிடிபி கடை வைத்திருப்பவர்கள் தொண்டியிலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: இப்படி நடந்தால் முதலில் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். கணினியை அணைக்காதீர்கள், அணைத்தால் அதன் தற்காலிக நினைவகத்தில் இருப்பது போய்விடும். ஃபார்மட் மட்டும் அடிக்கவே அடிக்காதீர்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கணினியிலோ போனிலோ இருந்து மாற்றுங்கள். புகார் கொடுத்து, இதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வந்து நகல் எடுக்கும் வரை அந்தக் கணினியை அப்படியே விட்டு வையுங்கள். ஒரு வாரம் வருமானம் போகும், தெரியும். எனக்கும் அந்த வருமானம்தான் சோறு.

ஓர் ஆளின் கணினியை இன்னொருவன் ஓட்டிவிட்டு, பழி உடையவர் மேல் விழுவது இன்றைக்கு நேற்று வந்ததல்ல. 1998-லேயே பேக் ஆரிஃபிஸ், நெட்பஸ் என்று இத்தகைய கருவிகள் வந்துவிட்டன. 1999-இல் சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்துச் சட்டத்துறை ஆய்வாளர் ஒருவரின் கணினியில் குழந்தைகளின் ஆபாசப் படங்கள் கிடைத்தன. வேலை போனது, பெயர் போனது, நாட்டை விட்டே போனார். நெட்பஸ் வழியாக வேறு யாரோ அவற்றை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது 2004-இல். திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி அடிகள், பீமா கோரேகான் வழக்கில் கைதாகி, விசாரணைக் காவலில் இருக்கும்போதே 2021 ஜூலையில் இறந்தார். அவருடைய கணினிக்குள் நெட்வயர் என்ற ராட் வழியாக ஃபைல்கள் வைக்கப்பட்டிருந்தன என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. விசாரணை அமைப்பு அதை ஏற்கவில்லை. அந்த வழக்கின் உள்ளே போக எனக்குத் தகுதி இல்லை. கணினியில் இருப்பதெல்லாம் கணினிக்காரர் செய்ததுதான் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது என்பது மட்டும் எனக்கு இப்போது அனுபவத்தில் தெரியும்.

இதற்குப் பெரிய மூளையும் வேண்டாம், பெரிய முதலும் வேண்டாம். பிளாக்ஷேட்ஸ் என்ற ராட் 40 டாலருக்கு விற்றது. 2014 மே மாதம் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதை விற்றவர்களும் வாங்கியவர்களுமாக 90-க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தபோது, 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் 5 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் அது புகுந்திருந்தது தெரிந்தது. கிராக் வழியாக மட்டும் வருவதுமில்லை. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவரின் பென்டிரைவைச் செருகினால் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். ஷார்ட்கட் வைரஸ் என்று அலுத்துக்கொண்டு துடைத்துவிடுவோம். அந்த வேலையைச் செய்வதில் என்ஜேராட் போன்ற ராட்களும் உண்டு. மெயிலில் பில் என்று வரும் பி.டி.எஃப்.புக்குப் பின்னால் இ.எக்ஸ்.இ. என்ற வால் ஒளிந்திருக்கும், அப்படியென்றால் அது பில் அல்ல, திறந்ததும் ஓடும் மென்பொருள். விண்டோஸ் வழக்கமாக அந்த வாலைக் காட்டாது. போனிலும் கல்யாணப் பத்திரிகை, அபராத ரசீது என்று, போனில் செயலியை நிறுவும் ஏபிகே ஃபைலாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தூரத்திலிருந்து இன்னொருவரின் கணினியையோ போனையோ இயக்க உதவும் எனி டெஸ்க் போன்ற நல்ல செயலியையே மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது.

வங்கிகளிடம் ஒன்று கேட்கிறேன். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ இருந்து, அவர் மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால், நட்டத்தில் ஒரு பைசாகூட அவர் தலையில் விழக் கூடாது. வாடிக்கையாளர் பொறுப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். அண்ணன் மறுநாளே சொன்னார். ஓடிபி போடப்பட்டது என்பதையே அவருடைய கவனக்குறைவுக்கு நிரூபணமாக எப்படி எடுத்துக்கொள்ளலாம்? எந்தக் கணினியில் தட்டினார், அது யாருடையது, இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரே ஒரு ஆள் அன்றைக்குக் கேட்டிருந்தால், நான் ஃபார்மட் அடிப்பதற்குப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே அந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்திருப்பேன். ஓடிபி செய்தியைத் தமிழில் அனுப்புவதும் முடியாத காரியமில்லை. "புதிய கணக்கு சேர்க்க" என்று தமிழில் இருந்திருந்தால் அண்ணன் தட்டியிருக்க மாட்டார். கணக்கில் புலி அவர்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43, 66 பிரிவுகளின்படி இந்தக் குற்றத்துக்கு மூன்று வருடம் வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ இருக்கிறது. சட்டம் போதும். ஆதாரத்தைக் கெடாமல் எடுத்து வைக்கத் தெரிந்தவர், கடற்கரை ஊர்களுக்கு நேரில் வரக்கூடியவர், மாவட்டத்துக்கு ஒருவராவது வேண்டும். மண்டபத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் ஒரு காரியத்துக்குப் பாலம் தாண்டி ராமநாதபுரம் போய் வந்தால் ஒரு நாள் கூலி போகிறது.

மிச்சமிருப்பது அந்த ஃபோல்டர். ஏறக்குறைய நானூறு பேருடைய ஆதார், பாஸ்புக் நகல்கள். எவ்வளவு போயிற்று என்று சொல்ல முடியாது. எல்லாம் போனதாகவே வைத்துக்கொண்டேன். மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய், ஏலம் முடியும் வரை காத்திருந்து, நடந்ததைச் சொன்னேன். சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். பாசி எடுக்கும் அக்காமார், "எங்ககிட்ட என்னத்தப் பெரிசா இருக்கு எடுக்க?" என்று சிரித்தார்கள். உங்கள் பெயரில் சிம் வாங்கலாம், கணக்குத் தொடங்கித் திருட்டுப் பணத்தை அதில் இறக்கலாம், நாளைக்குப் போலீஸ் தேடி வருவது உங்கள் வாசலுக்கு என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. தினம் மாலையில் ஒவ்வொருவராக உட்கார வைத்து, சஞ்சார் சாத்தி தளத்தில் அவர்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்துக் கொடுக்கிறேன், ஆதாரில் கைரேகையைப் பூட்டிக் கொடுக்கிறேன். இதற்குக் காசு வாங்குவதில்லை. இதுவரை இருநூற்றுச் சொச்சம் பேர் முடிந்திருக்கிறது. இப்போது யாருடைய நகலையும் கணினியில் வைப்பதில்லை, வேலை முடிந்ததும் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுகிறேன். போட்டோ மென்பொருளையும் காசு கொடுத்தே வாங்கிவிட்டேன், மாதத் தவணையில்.

அண்ணனுக்கு நான் கொண்டுபோன பணத்தை அவர் வாங்கவில்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இருவருமாகச் சேர்ந்து விண்ணப்பித்திருக்கிறோம். செல்போனில் எடுத்த அந்தப் படத்தையும் இணைத்திருக்கிறேன். கணினியைப் பழுது பார்த்த தம்பி எழுதிக் கொடுத்த கடிதமும், நடந்ததை ஒளிக்காமல் நான் எழுதிய கடிதமும் அதோடு இருக்கின்றன. வேறு யார் கேட்டாலும் எந்த நாளும் கொண்டுவந்து காட்டத் தயார்.

என் பெயரைப் போட வேண்டாம். போட்டால் அண்ணன் யாரென்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஓடிபி சொல்லி ஏமாந்தவர் என்று ஏற்கெனவே நாலு பேர் சொல்லக் கேட்டு நொந்து போயிருக்கிறார்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் வாசகி,
தங்கச்சிமடம்,
ராமநாதபுரம் மாவட்டம்.